தேளுக்கு மருந்து, தேனீக்குத் தோட்டக் குழாய்

நீளமான பதிவு. அரிசோனாவில் வீடு வாங்கியிருக்கும் நம் பிள்ளைகளும், பேரன் பேத்தியைப் பார்க்க வந்து சில மாதம் தங்கிப்போகும் என் வயதுக்காரர்களும் பொறுமையாகப் படிக்க வேண்டும். மற்றவர்கள் விருப்பப்பட்டால் படிக்கலாம்.

ஏப்ரல் பிறந்தால் போதும். சாண்ட்லர், கில்பர்ட், பீனிக்ஸ் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தக் கேள்வி வந்துவிடும். "வீட்டுக்குள் தேள் வந்துவிட்டது, நல்ல பெஸ்ட் கன்ட்ரோல் ஆள் யாராவது தெரியுமா?" பத்து நிமிடத்தில் பத்துப் பெயர்கள் விழும். அதில் ஒருவரைக் கூப்பிடுவார்கள். அவர் மாதாமாதம் வருவார், வீட்டைச் சுற்றித் தெளிப்பார், கதவில் ஒரு சீட்டைச் செருகிவிட்டுப் போவார். அடுத்த மே மாதம் அதே நபர் அதே குழுவில் அதே கேள்வியைக் கேட்பார். கம்பெனியை மட்டும் மாற்றியிருப்பார்.

முப்பத்து நான்கு வருடம் விலங்கியல் பாடம் எடுத்தவன் நான். ஒரே கேள்விக்கு ஒரே தவறான பதிலைத் திரும்பத் திரும்ப எழுதும் மாணவனைப் பார்த்தால் கை பரபரக்கும். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் எதிரி யார் என்று தெரிந்துகொள்வோம். பாலைவனத்தில் தேள் வகைகள் பல உண்டு. வீட்டுக்காரர்கள் கவலைப்பட வேண்டியது ஒன்றைப் பற்றித்தான். பார்க் ஸ்கார்ப்பியன், அதாவது மரப்பட்டைத் தேள். அறிவியல் பெயர் சென்ட்ருராய்டஸ் ஸ்கல்ப்சுராடஸ். இரண்டு மூன்று அங்குல நீளம், வைக்கோல் நிறம், ஒல்லியான இடுக்கிகள், ஒல்லியான வால். பெரிய தடித்த தேளைப் பார்த்து அலறுகிறோம். ஆபத்து இந்த ஒல்லியான தேளில்தான் இருக்கிறது. மற்ற தேள்கள் பெரும்பாலும் தரையோடு சரி. இது சுவர் ஏறும், கூரையில் தலைகீழாகத் தொங்கும். ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால் நுழைந்துவிடும். இரண்டு கிரெடிட் கார்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான் அதற்குத் தேவையான வாசல்.

இப்போது மருந்துக்கு வருவோம். தெளிப்பது பெரும்பாலும் பைரித்ராய்டு வகை. பைஃபென்த்ரின், சைஃபுளுத்ரின், லாம்ப்டா சைஹலோத்ரின் என்று பல பெயர்கள். சாமந்தி இனப் பூவிலிருந்து கிடைக்கும் பைரித்ரினைப் பார்த்து மனிதன் தொழிற்சாலையில் செய்த சரக்கு. "பூவிலிருந்து எடுத்தது சார், பாதுகாப்பானது" என்று விற்க வருகிறவர் சொன்னால், அரளியும் பூச்செடிதான் என்று சொல்லுங்கள்.

இந்த மருந்து எறும்பையும் கரப்பானையும் பாச்சையையும் நன்றாகவே கொல்லும். அதை மறுக்கவில்லை. தேளின் மேலேயே நேராகப் பீய்ச்சினால் அதுவும் சாகும். ஆனால் மாதாந்திர ஒப்பந்தத்தில் யாரும் தேளைத் தேடிப் பிடித்துப் பீய்ச்சுவதில்லை. சுவரோரம் பட்டையாகத் தெளிக்கிறார்கள். அது காய்கிறது. தேள் அதன்மேல் நடந்து விஷம் ஏறிச் சாக வேண்டும் என்பது கணக்கு. தேளுக்குத் தடித்த மெழுகுப் பூச்சுள்ள ஓடு. கால் நுனியில், உடம்பைத் தூக்கிக்கொண்டு நடக்கும். கரப்பானைப் போல மீசையையும் காலையும் ஓயாமல் நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருக்கும் பழக்கம் அதற்கு இல்லை. மேலும், அரிசோனா வெயிலில் வெளிச்சுவரில் தெளித்த மருந்து எத்தனை நாள் தாங்கும்? சூரிய ஒளி பைரித்ராய்டுகளைச் சிதைக்கும் என்பது பழைய செய்தி. ஒளியைத் தாங்கும்படி நுண்ணிய உறைகளில் அடைத்து வரும் மருந்துகள் கொஞ்சம் கூடுதலாக நிற்கும், அவ்வளவே.

இங்கே ஒரு பதில் வைத்திருப்பார்கள். "தேளின் உணவான பாச்சையையும் கரப்பானையும் கொன்றுவிட்டால் தேள் பட்டினியில் போய்விடும்." கேட்க நன்றாக இருக்கிறது, ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் தேள் மாதக்கணக்கில் சாப்பிடாமல் உயிரோடு இருக்கும் பிராணி. உங்கள் தவணைதான் முதலில் தீரும்.

இன்னொரு கணக்கைச் சொல்கிறேன். இரவு வெப்பம் ஏறத்தாழ 70 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் இந்தத் தேள்கள் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிர்காலம் முழுக்கக் காம்பவுண்ட் சுவரின் கற்களுக்குள்ளும் மரப்பட்டைக்கு அடியிலும் கூட்டமாக ஒடுங்கிக் கிடக்கும். அந்த நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலும் தெளிக்கிறார்கள். பில்லும் வருகிறது. மகள் வீட்டில் மாதம் 55 டாலர், வருடத்துக்கு 660. தெளிக்க வந்த தம்பியிடம் "ஜனவரியில் எந்தத் தேளுக்காக அடிக்கிறீர்கள்?" என்று கேட்டேன். நல்ல பையன், பொய் சொல்லவில்லை. "ஐயா, எனக்குக் கொடுத்திருக்கும் பட்டியலில் இன்று பதினாறு வீடுகள்" என்றான். ஒரு வீட்டுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். என் கோபம் அவன் மீது இல்லை. 43 டிகிரி செல்சியஸ் வெயிலில் முதுகில் டாங்கியைச் சுமந்து அலைகிறவன் அவன். ஒரு இடுக்கைக்கூட அடைக்காமல் பன்னிரண்டு மாதமும் பணம் வாங்கும் அந்த ஒப்பந்தத்தின் மீதுதான் கோபம்.

கோடையில் வீடு வீடாக டேப்லெட்டோடு வந்து, "பக்கத்து வீட்டுக்காரர் இப்போதுதான் கையெழுத்துப் போட்டார், இன்று சேர்ந்தால் தள்ளுபடி" என்று சொல்லும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். நம்மவர்களுக்கு வாசலில் வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூச்சம். கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். வீட்டு வாசலில் நடக்கும் 25 டாலருக்கு மேற்பட்ட விற்பனையை மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்ய அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் விதி உரிமை தருகிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்தால் போதும். எத்தனை பேருக்கு இது தெரியும்?

சரி, தெளித்தால் பயன் குறைவு, ஆனால் கெடுதல் இல்லையே என்பீர்கள். கெடுதல் உண்டு. பைரித்ராய்டு மீன்களுக்கும் தேனீக்களுக்கும் கடும் நஞ்சு. ஜூலை முதல் செப்டம்பர் வரை இங்கே பருவமழை கொட்டும்போது சுவரோர மருந்து ஓடைக்குத்தான் போகும். பெர்மெத்ரின் என்ற அதே குடும்பத்து மருந்தைப் பூனையின் உடல் சரியாக உடைத்து வெளியேற்றாது. வலிப்பு வந்து செத்துப்போன பூனைகள் உண்டு. வீட்டுக்குள்ளும் ஓரங்களில் அடிக்கச் சொல்கிறோம். அந்த ஓரத்தில்தான் பத்து மாதக் குழந்தை தவழ்கிறது, கையை வாயில் வைக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி பூச்சிமருந்து டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளதுதான் விதி. காயும் வரை குழந்தைகளையும் செல்லப் பிராணிகளையும் விடக்கூடாது, பூத்திருக்கும் செடிகளில் தேனீ வரும்போது அடிக்கக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்தவர் நம் குழுவில் யார்? 1962லேயே ரேச்சல் கார்சன் ஒரு புத்தகம் முழுக்க இதைத்தான் கத்தினார். அறுபது வருடம் ஆகிவிட்டது, நாம் இன்னும் "ஸ்ட்ராங்கா அடிங்க தம்பி" என்கிறோம்.

நம்மவர்கள் இப்படிப் பதறுவதற்கு ஒரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஊரில் நாம் கேட்டு வளர்ந்தது செந்தேள் கதை. இந்தியச் செந்தேளின் அறிவியல் பெயர் ஹாட்டென்டோட்டா டாமுலஸ். 1798இல் ஃபாப்ரீசியஸ் வைத்த பெயர். அதில் தமிழ் ஒலிப்பதைக் கேளுங்கள். அந்த விஷம் இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும். நல்ல திடகாத்திரமான ஆட்களே செத்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தின் மஹாடில் டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் 1980களில் பிராசோசின் என்ற ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. அந்த மனிதருக்கு ஊருக்கு ஊர் சிலை வைக்கலாம், அது வேறு கதை.

அரிசோனாத் தேளின் விஷம் வேறு வழியில் வேலை செய்யும். இது நரம்பைப் பிடிக்கும். பெரியவர்களுக்குச் சுருக்கென்ற வலி, மரத்துப்போதல், தொட்டால் மின்சாரம் அடித்ததுபோல் ஜிவ்வென்று இருக்கும். ஒரிரு நாளில் அடங்கும். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானவர்களைக் கொட்டுகிறது, சாவு மிக மிக அரிது. ஆனால் சிறு குழந்தைகள் விஷயம் தனி. கண் நிலைகொள்ளாமல் உருளும், கை கால் துள்ளும், எச்சில் வழியும், மூச்சு விடச் சிரமப்படும். அப்படியானால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 911. மற்றவர்களுக்கு நஞ்சுத் தகவல் மையத்தின் எண் 1-800-222-1222. இரவும் பகலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. கொட்டிய இடத்தைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கட்டுப் போடாதீர்கள், வாட்ஸ்அப்பில் வைத்தியம் கேட்காதீர்கள். இந்தத் தேளுக்கென்றே 2011இல் அனாஸ்கார்ப் என்ற விஷமுறிவு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. மெக்சிகோவில் குதிரையின் ரத்தத்திலிருந்து தயாராவது. குழந்தைகளைச் சில மணி நேரத்தில் மீட்டுவிடும். இங்கே ஒரு குப்பி ஆயிரக்கணக்கான டாலர். ஆகவே கொட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் மலிவு.

கொட்டாமல் பார்த்துக்கொள்வது எப்படி? அடைப்பது, தேடுவது. இந்த இரண்டுதான்.

வெளிக்கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று பகலில் உள்ளே படுத்துப் பாருங்கள். தெரிந்தால் தேளுக்கும் வழி தெரியும். கதவடிப் பட்டையை மாற்றுங்கள். கழுவுதொட்டிக்கு அடியில் குழாய் சுவருக்குள் போகும் துளை, ஸ்விட்ச் பெட்டியின் ஓரம், கூரையில் பதித்த விளக்கின் வளையம், ஏசி குழாய் நுழையும் இடம், எல்லாவற்றையும் சீலன்ட் வைத்து அடையுங்கள். ஸ்டக்கோ சுவரின் அடியில் தரைக்குச் சற்று மேலே ஒரு உலோகப் பட்டை இடுக்கோடு ஓடும். அது சுவரின் ஈரம் வெளியேறுவதற்காக விட்டது. அங்கே சீலன்ட் அப்பிவிடாதீர்கள், சுவர் உளுத்துப்போகும். செம்புக் கம்பி வலையைச் சுருட்டிச் செருகினால் காற்று போகும், தேள் வராது. காம்பவுண்ட் சுவரின் உள்ளீடற்ற கற்கள்தான் தேள்களின் அடுக்குமாடிக் குடியிருப்பு. மேல்மூடி உடைந்திருந்தால் பூசுங்கள். விறகு, அட்டைப்பெட்டி, பழைய தொட்டி எதையும் சுவரோடு அடுக்கி வைக்காதீர்கள். சொட்டுநீர்க் குழாயில் கசிவு இருந்தால் சரி செய்யுங்கள். பாலைவனத்தில் நம் வீடுதான் சோலை, தாகத்துக்கு எல்லாம் இங்கேதான் வரும். புழக்கடை விளக்கை மஞ்சள் பல்பாக மாற்றினால் பூச்சி குறையும், பூச்சியைத் தின்ன வருவதும் குறையும்.

குழந்தைத் தொட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள், போர்வை தரையில் புரளக்கூடாது. தொட்டில் கால்களைச் சுத்தமான கண்ணாடி ஜாடிகளுக்குள் வைக்கச் சொல்வார்கள். வழவழப்பான கண்ணாடியில் இந்தத் தேளால் ஏற முடியாது. நம் பாட்டி எறும்புக்குப் பயந்து பலகார அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தாரே, அதே கணக்கு. தண்ணீர் மட்டும் வேண்டாம்.

தேடுவது அதைவிடச் சுலபம். தேளின் ஓடு புற ஊதா ஒளியில் பச்சையாக ஒளிரும். (புதிதாகத் தோல் உரித்தது ஒளிராது, அதற்குச் சில நாள் பிடிக்கும்.) ஒரு யூவி டார்ச் இருபது டாலருக்குள் கிடைக்கிறது. வெப்பமான இரவில், பொழுது சாய்ந்து இரண்டு மணி நேரம் கழித்து, மூடிய காலணி போட்டுக்கொண்டு காம்பவுண்ட் சுவரைச் சுற்றி வாருங்கள். நீளமான இடுக்கியும் மூடி போட்ட ஜாடியும் போதும். போன ஜூனில் நானும் மாப்பிள்ளையும் மூன்று வாரத்தில் இருபத்தேழு பிடித்தோம். ஒன்றின் முதுகில் குட்டிகள் மொய்த்துக்கொண்டிருந்தன. தேள் முட்டையிடாது, குட்டிதான் போடும்; முப்பது குட்டிவரை முதுகில் சுமக்கும். அந்த ஒரு தாயைப் பிடித்தது எத்தனை மாத மருந்துக்குச் சமம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"எங்களுக்கு நேரம் இல்லை, அதற்குத்தானே ஆள் வைக்கிறோம்" என்கிறீர்கள். வையுங்கள். அடைக்கும் வேலையை மட்டும் செய்யும் தொழில்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க முழங்காலில் ஊர்ந்து வீடு முழுதும் பார்ப்பார்கள். ஒரே தடவை காசு, கொஞ்சம் அதிகம்தான். சுவர் இடைவெளிக்குள் உலர்பொடி தூவத் தெரிந்தவர்களும் உண்டு. தேளின் மெழுகுப் பூச்சைச் சிராய்த்து உடம்பின் ஈரத்தை வற்ற வைக்கும் பொடி அது. அந்த வேலைக்கு நான் தலைவணங்குகிறேன். அதற்குப் பணம் கொடுக்கத் தயங்கி, மாதம் 55 டாலர் சும்மா கொடுப்பதைத்தான் சகிக்க முடியவில்லை.

இதைவிடச் சகிக்க முடியாதது ஒன்று உண்டு. தேளுக்கு ஆள் கூப்பிடும் அதே வீட்டில் தேனீக்கு ஆள் கூப்பிடுவதில்லை. "தேனீதானே, தோட்டக் குழாயால் தண்ணீர் அடித்தால் போகும்." "ராத்திரி தீப்பந்தம் காட்டினால் ஓடிவிடும் மாமா, எங்கள் ஊரில் அப்படித்தான்." இந்த வாக்கியத்தை என் காதால் கேட்டேன்.

தம்பிகளே, தென் அரிசோனாவில் காட்டுத் தேனீ என்றால் அது ஏறக்குறைய எல்லாமே ஆப்பிரிக்கக் கலப்புத் தேனீதான். 1956இல் வார்விக் கெர் என்ற விஞ்ஞானி ஆப்பிரிக்க ராணித் தேனீக்களைப் பிரேசிலுக்குக் கொண்டுவந்தார். மறு வருடம் 26 கூட்டங்கள் தப்பின. அவற்றின் வம்சம் வடக்கே பரவி 1990இல் டெக்சாஸையும் 1993இல் அரிசோனாவையும் எட்டியது. பார்வைக்குச் சாதாரணத் தேனீதான், ஒரு தேனீயின் விஷமும் கூடுதல் இல்லை. கூட்டைத் தொந்தரவு செய்தால் பத்துப் பேருக்குப் பதில் நூற்றுக்கணக்கில் வரும், கால் மைல் தூரம்கூட விடாமல் துரத்தும். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசம் ஆளைக் கொல்லும். ஒவ்வாமை இல்லாதவருக்கே உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 20 கொட்டு என்பது உயிரை எடுக்கும் அளவு. பத்துக் கிலோ குழந்தைக்கு எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டிப்போட்ட நாய்களும் ஓட முடியாத முதியவர்களும்தான் முதலில் மாட்டுகிறார்கள். முதியவர்கள் என்றால் யார்? பகலில் உங்கள் வீட்டுப் புழக்கடையில் கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் உங்கள் அம்மா.

மரக்கிளையில் திடீரென்று கொத்தாகத் தொங்கினால் அது வழிப்போக்கர் கூட்டம். வீடு தேடிப் போகும் வழியில் இளைப்பாறுகிறது. தள்ளி நில்லுங்கள், ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் போய்விடும். தண்ணீர் மீட்டர் பெட்டி, சொட்டுநீர் வால்வு பெட்டி, கூரை ஓட்டின் அடி, சுவர்த் துளை இங்கெல்லாம் நாள்தோறும் போக்கும் வரவும் தெரிந்தால் அது குடியேறிய கூடு. அதைத் தொடாதீர்கள். பக்கத்தில் புல்வெட்டும் எந்திரத்தை ஓட்டாதீர்கள், அந்த அதிர்வே போதும். தாக்கினால் முகத்தை மூடிக்கொண்டு நேராக வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ ஓடுங்கள். அடிக்காதீர்கள், நசுங்கிய தேனீயின் அபாய வாசனை மற்றவற்றையும் அழைக்கும். நீச்சல் குளத்தில் குதிக்காதீர்கள், நீங்கள் மூச்சுக்கு மேலே வரும் வரை காத்திருக்கும்.

இங்கேதான் உரிமம் பெற்ற தொழில்காரர் வேண்டும். முழு உடுப்பு, கருவி, காப்பீடு மூன்றும் உள்ளவர். மலிவாக முடித்துத் தருகிறேன் என்று கூட்டை மட்டும் கொன்றுவிட்டுப் போகிறவரை நம்பாதீர்கள். சுவருக்குள் இருக்கும் அடையை எடுக்காவிட்டால் அரிசோனா வெயிலில் மெழுகு உருகித் தேன் சுவர் வழியே ஒழுகும், எறும்பு வரும், அந்த வாசனைக்கு அடுத்த வருடம் புதுக் கூட்டமும் வரும். அடையை எடுத்தீர்களா, நுழைந்த துளையை மூடினீர்களா என்று கேட்டு, கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

"அப்படியானால் சார், எந்தக் கம்பெனி?" என்று இன்பாக்ஸில் வர வேண்டாம். பெயர் சொல்ல மாட்டேன். யார் வந்தாலும், அரிசோனா வேளாண் துறையின் பூச்சி மேலாண்மைப் பிரிவு கொடுத்த உரிம எண்ணைக் கேளுங்கள். எந்த மருந்து, அதன் தாள் எங்கே என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் எத்தனை இடுக்குகள் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

என்னிடம் யூவி டார்ச் இரண்டு இருக்கிறது. சாண்ட்லர் பக்கம் இருப்பவர்கள் ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளலாம். பேட்டரி மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.